மாப்பிள்ளையின் பம்பருக்கு நான் அடித்த வெள்ளை

ஒரு வேலையைப் படித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் படித்தவர்களாகவே இருப்பார்கள். கவனித்துப் பாருங்கள். படிக்காத ஒருவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சிட்னிக்கு வந்து, யாரோ ஒருவனுடைய வான் வண்டியில் பெயின்ற் வாளி தூக்கி, பிறகு அந்த வானையே வாங்கி, கிரவீன் என்கிற இடத்தில் மாடி வீடும் கட்டினேன். மேற்குச் சிட்னியில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் ‘இது நான் அடித்த வீடு, அந்த மூலையில் இருப்பதும் நான் அடித்ததுதான்’ என்று வழிநெடுகக் கைகாட்டிக்கொண்டே வருவேன். (என் மனைவி மனோ என்னோடு காரில் போவதென்றால் காதுக்குள் பாட்டைச் செருகிக்கொள்வது இதனால்தான்.)

இப்படிப்பட்ட என்னை ஒரு பம்பர் கவிழ்த்துப் போட்டது. பம்பர் என்றுகூடச் சொல்ல முடியாது, பம்பருக்கு மேலே மாட்டுகிற உறை. இந்தக் காலத்துக் கார்களில் முன்னாலும் பின்னாலும் நாம் பார்ப்பது இரும்பில்லை. தயிர் டப்பா மாதிரி ஒரு பிளாஸ்ரிக். இத்தனை விலை கொடுத்து ஒரு மனிதன் தயிர் டப்பாவில் ஏறி ஓடுகிறான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

என் மகள் தர்ஷிக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கவின் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தங்கமான பெடியன், ஆனால் கார்ப் பைத்தியம். இரண்டு கதவு வைத்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். அதில் ஏறுவது என்று ஒன்று கிடையாது, விழத்தான் வேண்டும். இறங்குவதற்கு யாராவது வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும்.

அவனுடைய தாய், அதாவது எங்கள் சம்பந்தி அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர். முதல் நாளே என்னிடம், “அண்ணை எதுவரைக்கும் படிச்சனீங்கள்?” என்று கேட்டவர். நானும் விடவில்லை. “படிக்கேல்லை அக்கா. ஆனா எனக்குத் தெரியாத வேலை எண்டு ஒண்டுமில்லை” என்றேன். அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவனைப் பார்க்கிற பார்வை அது.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது தாயும் மகனும் மணவறை விஷயம் கதைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். திரும்பிப் போகும்போது நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். என் வானுக்குப் பின்னால் அவனுடைய கார் நின்றது. பின்னுக்கு எடுத்துத்தான் தெருவுக்குப் போக வேண்டும். ஒரு மனிதன் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது எங்களுடைய ஆட்கள் சும்மா நிற்பார்களா? கையைக் காட்டித்தானே ஆக வேண்டும்?

“வாரும், வாரும், நல்லா வாரும்...”

கவின் கண்ணாடியை இறக்கினான். “அங்கிள், சென்சர் கத்துது.”

“அது கத்தட்டும் தம்பி. மெஷினை நம்பாதையும். என்னைப் பாரும். வாரும்...”

டொக்.

கடிதப் பெட்டிக்கு நானே செங்கல் வைத்துக் கட்டிய தூண். (தூணுக்கு ஒரு கீறலும் இல்லை. என் வேலை அப்படி.) எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. “முன்னுக்கு! முன்னுக்கு எடும்!” என்று கத்தினேன். பாவம், அவனும் எடுத்தான். முன்னால் என் வானின் பின்பக்கத்து இழுவைக் கொக்கி காத்துக்கொண்டு நின்றது. ஒரே நிமிடத்தில் முன் உறையில் ஓட்டை, பின் உறையில் வெடிப்பு.

சம்பந்தி அம்மா உள்ளே இருந்து இறங்க முயன்று, முடியாமல், இருந்தபடியே சொன்னார்: “பரவாயில்லை அண்ணை, இன்சூரன்ஸுக்குச் சொல்லுவம்.”

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? “என்ர வாசலிலை நடந்ததுக்கு இன்சூரன்ஸோ? ரெண்டு உறையும் வாங்கி, நானே பெயின்ற் அடிச்சு, நானே பூட்டித் தருவன். மாப்பிள்ளை கலியாணத்தண்டு இந்தக் காரிலைதான் வந்து இறங்குவார்.”

“உங்களுக்கு இந்த வேலை தெரியுமோ?”

“எனக்குத் தெரியாத வேலை எண்டு...”

“பாப்பம்” என்றார் ரீச்சர்.

அந்தப் ‘பாப்பம்’ என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கியது. பம்பரை விடுங்கள். ஒரு மனிதன் இத்தனை வருடம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தது மெய்யா பொய்யா என்பதை மண்டப வாசலில், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு முன்னால், அந்த அம்மா திருத்திப் புள்ளி போடப் போகிறார்.

பழைய உறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது கவின்தான். பிளாக்டவுன் பக்கம், தன் வீட்டுப் பின்வளவில் உடைந்த கார்களைக் கழற்றி விற்கிற ஒரு தாடிக்காரன். அதே காருக்குரிய முன், பின் உறைகள் இரண்டு சோடி வைத்திருந்தான். ஒரு சோடி வெள்ளை, அச்சு அசல் கவினின் கார் நிறம். மற்றது மஞ்சள். மஞ்சள் என்றால் கண்ணைக் குத்துகிற மஞ்சள். வெள்ளைக்கு விலை கூட.

“அங்கிள், வைட் செட்டையே எடுப்பமே? பெயின்ற் அடிக்கிற வேலையும் இல்லை.”

இந்தப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? “தம்பி, நான் பெயின்ற்காரன். இன்னொருத்தன் அடிச்ச பெயின்றுக்கு நான் ஏன் காசு குடுக்க வேணும்?”

தாடிக்காரன்கூட, “ஷுவரா, மேட்?” என்று இரண்டு தரம் கேட்டான். நான் சிரித்துக்கொண்டே மஞ்சள் சோடியை எடுத்து வானின் ஏணித் தட்டில் கயிறு போட்டுக் கட்டினேன். அந்தச் சாமான் கையில் தூக்கும்போது பாய் மாதிரி வளையும். நெடுஞ்சாலையில் காற்றுப் பிடித்ததும் இரண்டும் செட்டை அடிக்கத் தொடங்கின. போகிறவன் வருகிறவன் எல்லாம் ஹோர்ன் அடித்தான். நான் தெரிந்தவர்களாக்கும் என்று கை காட்டினேன். கவின் இருக்கையில் சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் கண்ணாடிக்குக் கீழே போய்விட்டான்.

பெயின்ற் என்னிடமே இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய பளபளப்பான வெள்ளை எனாமல். கதவை மனிதர்கள் நாள் முழுக்க அடித்துச் சாத்துகிறார்கள், பெயின்ற் விழுகிறதா? பம்பர் தன்பாட்டில் காரோடு இருக்கிற சாமான். அதற்கு இது போதாதா?

தர்ஷி தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, இதைப் பாருங்கோ. பிளாஸ்ரிக்குக்கு ஸ்பெஷல் பிரைமர் வேணுமாம். அது இல்லாட்டி பெயின்ற் பிடிக்காதாம். நல்லா சாண்ட் பண்ணவும் வேணுமாம்.”

“ஆர் சொன்னது?”

“வீடியோவிலை ஒருத்தர்.”

“அவர் எத்தினை வீடு அடிச்சவராம்?”

அவள் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். நான் உறைகளைப் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தேய்க்கிற தாளால் பேருக்கு இரண்டு இழுப்பு. சுவருக்கு அடிக்கிற அண்டர்கோட், அதுதான் அடிப்பூச்சு, ஒன்று. அது காய்ந்ததும் கராஜின் கூரை வளையில் இரண்டையும் கயிற்றில் தொங்கவிட்டு, ஸ்பிரே துப்பாக்கியால் வெள்ளையை அடித்தேன். என்ன அழகு! கொக்கு இரண்டு தொங்கினது மாதிரி. கதவைப் பாதி திறந்துவிட்டு உள்ளே தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடைய ஆட்களின் வீட்டில் கராஜ் என்பது கார் விடுகிற இடமில்லை. அதுதான் உண்மையான குசினி. உள்ளே இருக்கிற குசினி வெள்ளைக்காரருக்குக் காட்டுவதற்கு. பொரிப்பது, வறுப்பது, மீன் வெட்டுவது எல்லாம் கராஜில். வீட்டுக்குள் வறுத்தால் புகை அலாரம் தெருவையே கூட்டிவிடும்.

தேத்தண்ணியை முடித்துக்கொண்டு சொந்தக்காரன் ஒருவனோடு தொலைபேசியில் வாய் காய்ந்துபோகக் கதைத்தேன். (எதைப்பற்றி என்று கேட்கிறீர்களா? பம்பருக்கு நான் அடித்த வெள்ளையைப் பற்றித்தான்.) திடீரென்று தும்மல் வந்தது. இன்னொன்று. பிறகு அடுக்கடுக்காக. எழுந்து ஓடினேன்.

கராஜில் மனோ காஸ் அடுப்பில் பெரிய தாச்சியை வைத்து, கலியாண வீட்டுச் சமையலுக்காக மல்லியும் செத்தல் மிளகாயும் வறுத்து, ஒரு பங்கை அரைத்தும் முடித்திருந்தாள். புகை போகட்டும் என்று மின்விசிறியை வேறு போட்டிருந்தாள். அது நேரே என் இரண்டு கொக்குகளின் பக்கம் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்தது. வெள்ளை முழுவதும் சிவப்பும் மண்ணிறமும் புள்ளி புள்ளியாக ஒட்டி, மிளகு தூவிய அவித்த முட்டை மாதிரி இரண்டும் ஆடின.

“இஞ்சை பாரும், உமக்குக் கண் தெரியேல்லையே! பெயின்ற் காயேல்லை!”

“காஞ்சிட்டுது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“தொடலாம் எண்டு சொன்னனான். தூள் வறுக்கலாம் எண்டு சொன்னனானோ?”

“கலியாணத்துக்குச் சனம் பம்பரையே சாப்பிடப் போகுது? தூள் வேணும். போய் உங்கடை சாமானை அங்காலை கொண்டுபோய்க் கொழுவுங்கோ!”

கழுவித் துடைத்துப் பார்த்தேன். பாதித் தூள் போகவில்லை. பிறகென்ன, அதற்கு மேலேயே இன்னும் இரண்டு பூச்சு கனமாக அடித்தேன். சுவரில் இருக்கிற எந்தக் குறையையும் இன்னொரு பூச்சு மறைத்துவிடும். இது நான் தொழிலில் கண்ட உண்மை. சுவர் வளையாது என்பதுதான் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

கவின் தன் கூட்டாளி ஒருவனோடு வந்து உறைகளைப் பூட்டினான். கொஞ்ச நேரம் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். “நைஸ், அங்கிள்” என்றான். பிறகு மெதுவாக, “கார் ஒரு வெள்ளை, பம்பர் வேற வெள்ளை மாதிரிக் கிடக்கு... கறி மணமும் வருது?”

“வெயிலுக்கை நிண்டா எல்லாம் சரிவரும்.”

கலியாண நாள். பரமட்டாவுக்குப் பக்கத்தில் மண்டபம். மேளமும் நாதஸ்வரமும் வெளியிலேயே முழங்குகின்றன. நான் பட்டு வேட்டி, சால்வையோடு வாசலில் நின்று மாப்பிள்ளையை எதிர்பார்க்கிறேன். கார் வந்தது. தூரத்தில் வரும்போது சத்தியமாகச் சொல்கிறேன், புதுக்கார். சொந்தக்காரர் ஒருவர், “ஆர் அடிச்சது?” என்று கேட்க, நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

சம்பந்தி அம்மா வேறு காரில் முதலே வந்து, படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்து ஏதோ நல்லது சொல்லப்போவது எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் காருக்கு முன்னால் றிபன் கட்டி, அதன் நுனியை முன் பம்பரில் பார்சல் சுற்றுகிற அகலமான ரேப்பால் ஒட்டியிருந்தார்கள். ஓடிவந்த காற்றுக்கு றிபன் தளர்ந்து ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. சரிந்து கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. தொழில் அப்படி. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு போய்க் குனிந்து, ரேப்பின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தேன். திரும்பவும் நேராக ஒட்டுவதற்குத்தான்.

ரேப் வந்தது. அதோடு என் வெள்ளையும் வந்தது.

கல்லிலிருந்து தோசை கழன்று வருமே, அப்படி. ஓட்டையில்லாமல், கிழியாமல், அண்டர்கோட்டோடு சேர்ந்து, முழம் நீளத்துக்கு ஒரே தோல். தோலின் நடுவே கறித்தூள் புள்ளிகள். கீழே மஞ்சள். அந்தக் கண்ணைக் குத்துகிற மஞ்சள், பட்டப்பகல் வெயிலில், இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் முன்னால்.

மேளக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. படம் எடுக்கிறவன் இன்னும் கிட்ட வந்தான்.

நான் என்ன செய்தேன்? கையில் தொங்கின தோலைத் திரும்பவும் பம்பரில் வைத்து அழுத்தினேன். அழுத்திய இடத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. அதைப் பிடித்தேன். அதுவும் கையோடு வந்தது. எனக்கு வேர்த்து ஊற்றியது. வேட்டியெல்லாம் வெள்ளைச் செதில்.

காருக்குள் இருந்து தலைப்பாகையோடு எழும்ப முடியாமல் கவின் கத்தினான்:

“மாமா, தொடாதேங்கோ!”

படியில் நின்ற ரீச்சர் சிரிக்கத் தொடங்கினார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“அண்ணை, நிச்சயம் பண்ணின நாளிலை இருந்து இவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறன், அங்கிள் எண்டு கூப்பிடாதை, மாமா எண்டு கூப்பிடு எண்டு. வாயிலை வரவே இல்லை. இண்டைக்கு நீங்கள்தான் வர வைச்சிருக்கிறியள்.” பிறகு பம்பரைப் பார்த்தார். “மஞ்சள்தானே. கலியாண வீட்டுக்கு நல்லது. வாங்கோ உள்ளை, நேரம் போகுது.”

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பாஸ் அதுதான். கருணைப் புள்ளி போட்ட பாஸ் என்றாலும் பாஸ்தானே.

காரை அடுத்த மாதமே கவின் ஒரு கடையில் விட்டுச் சரியாக்கிவிட்டான். ஆனால் அந்த மூன்று சொல் எங்கள் குடும்பத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் ஒரு ஸ்குரூட்றைவரைக் கையில் எடுத்தால் போதும், “மாமா, தொடாதேங்கோ!” என்று தர்ஷி கத்துகிறாள். பெற்ற மகள்! கட்டின மனைவியும் கதிரையில் இருந்தபடி அதையேதான் சொல்கிறாள். சம்பந்தி அம்மா நல்லநாள் பெருநாளுக்கு வந்தால், முதலில் வீட்டில் என்ன கழன்று கிடக்கிறது என்று பார்த்து, பிறகு என் கையைப் பார்க்கிறார். மூன்று சொல் இல்லையே, எண்ணினால் இரண்டுதானே என்று ரீச்சர் இதைப் படிக்கும்போது திருத்துவார். திருத்தட்டும்.

எனக்கு இருக்கிற எரிச்சல் வேறு. கவின் அன்றைக்குக் கலியாண மண்டபத்துக்குள் போனதும் திரும்பவும் என்னைப் பழைய மாதிரி ‘அங்கிள்’ ஆக்கிவிட்டான். இன்றைக்கும் அங்கிள்தான். ஏதாவது ஒன்றைத் திருத்தப் போகும்போது மட்டும்தான் அவன் வாயில் நான் மாமா.

அதனால்தான் அவன் வீட்டுக்குப் போகிற நாட்களில், ஒழுங்காக ஓடுகிற குழாயைக்கூடச் சில வேளை ஒரு ஸ்பானரோடு போய்த் தட்டிப் பார்க்கிறேன்.