அடுத்த விமானம் எதுவென்று முடிவாகிவிட்டது, அண்ணி

ஷிசுவோகா,
தேயிலைக் கொழுந்து பறிக்கும் வாரம்

பெருமதிப்புக்குரிய ஹருயோ அண்ணி அவர்களுக்கு, கொழுந்தன் தமோட்சு வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், வீடு, தொழிற்சாலை மூவரும் ஒருவாறு சுகம். சப்போரோவில் தாங்களும், பிள்ளை பெற்ற மகளும், புதுப் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்று கேள்வி. குழந்தையின் காதை மூடியே வைக்கவும்.

நிற்க. "நீ போய்ச் சும்மா உக்காரு தமோட்சு, அடுத்த பெரிய விமானம் எதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க, அதைக் கேட்டு எழுது, நான் கம்பெனி முத்திரை போட்டுச் சம்மதம் அனுப்பறேன்" என்று போனில் சொன்னீர்கள். சும்மா உட்கார்வதில் எனக்குக் குறையில்லை. ஆயுசு முழுக்க விலாங்கு சுட்டு விற்றுவிட்டு, கடையை மருமகனிடம் கொடுத்தபின் நான் செய்துவருவது அதுதான். ஆனால் என் கடையில் விலாங்கு கேட்டு வந்தார்கள், விலாங்கு கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வியாபாரம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவனை அண்ணன் விட்டுச்சென்ற பொம்மை விமானக் கம்பெனிக்குள் அனுப்பினீர்களே, அதுதான் வினை.

கூட்டம் தொடங்கியதும், பெரிய விமானம் என்கிறார்களே, நாமும் ஏதாவது உதவலாம் என்று, சுவரில் இருந்த நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானப் படத்தைக் காட்டி "இது நல்லாப் பெருசா இருக்கே" என்றேன். விற்பனைப் பிரிவுத் தலைவி மகினோ அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "சார், அது பெரிய விமானம். பெரிய விமானத்தைப் பெருசாச் செய்ய முடியாது. சின்ன விமானத்தைத்தான் பெருசாச் செய்ய முடியும்" என்றார். நான் தலையாட்டினேன். பிறகுதான் விளங்கியது, நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவுக்குச் செய்வதைத்தான் இவர்கள் பெரிய அளவு என்கிறார்கள், குண்டுவீச்சு விமானத்தை அந்த அளவில் செய்தால் இறக்கையே ஒரு மீட்டர் வரும், வாங்குகிறவர் படுக்கையைச் சுருட்டி வாசலில் போட வேண்டியதுதான். சரி, அப்படியானால் எதைச் செய்வது என்று கேட்டால், மகினோ அம்மாள் கண் இமைக்காமல் ஜெர்மன்காரனுடைய மெஸ்ஸர்ஷ்மிட் சண்டை விமானம் என்கிறார். "அதைத்தான் போன வருஷம் செஞ்சமே?" என்றேன். "அது வேற சார், இதுக்கு மூக்கு வேற." மூக்கை மட்டும் மாற்றினால் அதே அச்சில் இன்னொன்று, இறக்கை நுனியை மாற்றினால் மற்றொன்று, முதலில் வாங்கியவர்களே மறுபடியும் வாங்குவார்களாம். "எல்லாக் கம்பெனியும் அதையே செய்யுதே, நாம வேற செய்யணுமா?" என்றேன். "எல்லாரும் செய்யறதனாலதான் சார் செய்யணும்" என்றார். இந்த இடத்தில் தேநீர் வந்தது. அது மட்டும் எனக்குப் புரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் அச்சு வடிவமைக்கும் நிராசாவா. அவருக்கு நம் கடற்படையின் மிதவை உளவு விமானம் வேண்டும், சக்கரத்துக்குப் பதிலாகக் கீழே இரண்டு படகு மாட்டியிருக்குமே, அது. இத்தனை வருஷமாக ஜனங்கள் அதைக் கேட்டு எழுதிய கடிதங்களை ஒரு மூட்டையாகவே கொண்டுவந்து மேஜைமேல் போட்டார். "கேக்கறவங்க வேற, வாங்கறவங்க வேற" என்றார் மகினோ அம்மாள். கணக்கர் அவர் பக்கம். பெட்டிமேல் படம் வரைகிறவர் நிராசாவா பக்கம், ஒரே மெஸ்ஸர்ஷ்மிட்டை வெவ்வேறு மேகத்துக்குள் வரைந்து வரைந்து அவருக்கு மேகமே பிடிக்காமல் போய்விட்டதாம். இரண்டுக்கு இரண்டு. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு நேரே ரயிலடிக்குப் பக்கத்து மாடல் கடைக்குப் போனேன். கடைக்காரர் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைத்தவர் யோகோமிசோ என்று ஒரு ஓய்வுபெற்ற பல் வைத்தியர். மிதவை விமானம் வேண்டும் என்று மாதந்தவறாமல் நமக்கு எழுதுகிற மகானுபாவர். "நாங்க செஞ்சா எத்தனை வாங்குவீங்க?" என்றேன். மனிதர் பதறிப்போனார். "வாங்கறதா? ஐயையோ, அலமாரி பூரா பிரிக்காத பெட்டியா இருக்கு. இன்னும் ஒண்ணு வந்தா நானும் அந்தப் பெட்டியோட வெளிய போகணும்னு வீட்டுக்காரி சொல்லிட்டா." "அப்புறம் எதுக்கு சார் மாசாமாசம் எழுதறீங்க?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாதிரி ஒரு விமானம் இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாமப் போயிடக் கூடாதுங்க. கடையில ஒரு பெட்டி நின்னாப் போதும். வர்றப்ப போறப்ப பாத்துக்குவேன்." அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் இருவரும் நின்றுகொண்டே சூடாக ஒரு கிண்ணம் ஓடென் சாப்பிட்டோம். காசு நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் புதுத் தகராறு. அந்த விமானத்தில் முழுசாக ஒன்றுகூட உலகத்தில் இல்லையாம். ஏரியிலிருந்து தூக்கியது ஒன்று இருக்கிறது, அதற்கும் வாலில்லை. "ஊகிச்சுச் செய்யறேன்" என்றார் நிராசாவா. "ஆணி வரிசை ஒண்ணு தப்பாப் போனா ஊரே எழுதும்" என்றார் மகினோ அம்மாள். "யாருமே பாக்காத வாலு தப்புன்னு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "அவங்களுக்குத் தெரியும் சார்" என்றார்கள் இருவரும், முதன்முறையாக ஒரே குரலில்.

படியிறங்கும்போது நிராசாவா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், அப்பா ஏன் எப்பவும் ஒரே விமானத்தையே செய்யறாருன்னு எம் பொண்ணு கேக்கறா. இதுவும் இல்லைன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்." மகினோ அம்மாளோ காலணி மாற்றுமிடத்தில் மடக்கி, "ஒரு அச்சு தப்பாப் போனா அடுத்த அச்சு செய்யக் காசு கிடையாது சார். இங்க வேலை பாக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம், அண்ணி. அதுதான் சங்கடமே.

கடைசிக் கூட்டத்தில் மறுபடியும் எல்லோரும் என் முகத்தையே பார்க்க, ஏதாவது பேசியாக வேண்டுமே என்று "இது நிஜமாவே தண்ணியில மிதக்குமா?" என்று கேட்டுவைத்தேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். நிராசாவா பென்சிலை எடுத்தார். "மிதக்க வைக்கலாம்" என்றார். மகினோ அம்மாள் மெதுவாக, "குளியல் தொட்டியில விடலாம். அலமாரியில இடமே வேண்டாம்" என்றார். கணக்கர் கைதட்டினார். ஓவியர் "கடல்! மேகம் வேண்டாம்!" என்று கூவினார். ஐந்துக்கு ஐந்து. என் தீர்க்கதரிசனத்தைப் பாராட்டி எல்லோரும் குனிந்து வணங்கினார்கள், நானும் பதிலுக்குக் குனிந்ததில் மேஜையில் நெற்றி இடித்துக்கொண்டது.

ஆகவே மிதவை விமானம் என்று முடிவு. முத்திரையைத் தயங்காமல் போட்டு அனுப்பவும். குழந்தைக்கு நீண்ட ஆயுளும், உங்கள் மகளுக்குத் தூக்கமும், உங்களுக்கு இடுப்புவலி நீங்கலும் உண்டாக அண்ணன் மேலிருந்து பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தெளிந்த மனத்துடன்,
தமோட்சு

பி.கு.: தபாலில் போடப் போகையில் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. முத்திரை போடாதீர்கள். ஊரின் மறுகோடியில் இருக்கும் போட்டிக் கம்பெனி இன்று காலை மிதவை விமானம் செய்வதாக அறிவித்துவிட்டது. அதே அளவு, வாலோடு. ஓடினேன். அங்கே மகினோ அம்மாள், "ரெண்டு கம்பெனி செய்யுதுன்னா கிராக்கி இருக்குன்னு அர்த்தம் சார், மிதவைதான் செய்யணும்" என்று குதிக்கிறார். நிராசாவாவோ, "அவங்க செஞ்சப்புறம் நமக்கு எதுக்கு? மெஸ்ஸர்ஷ்மிட்டே செய்வோம், நல்ல மூக்கு ஒண்ணு இருக்கு" என்கிறார். மறுபடியும் இரண்டுக்கு இரண்டு. ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு "நேத்து நீங்க சொன்னதுதான் சார் சரி" என்கிறார்கள். நேற்று நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.