பழைய காருக்கு ஒரு பக்கா பார்ட்டி

இனி வீட்டில் எந்த முடிவும் தன்னைக் கேட்டுத்தான் என்று கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்தார். முதல் முடிவு, பழைய காரை விற்பது. ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். தன் கண்ணில் எவனும் மண்ணைத் தூவ முடியாது என்று அசைக்க முடியாத நம்பிக்கை.

காரை ஓட்டுவது என்னவோ அவர் மனைவிதான். வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கில் அழுகிற பிள்ளைகளையும், அழுகையை அடக்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களையும் சமாளித்துவிட்டு, சாயங்காலம் கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். அவளுக்கென்று இருந்த இடம் அந்தக் கார் ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

"புது வண்டி வாங்கினா நீயும் ஓட்டலாம்," என்றார் அவர்.

"சைக்கிள் வாங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. இன்னிக்கு வரைக்கும் மணி அடிக்கக்கூட விட்டதில்ல."

இதற்கெல்லாம் மசிகிற ஆளா அவர்? படம் பிடித்து இணையத்தில் விளம்பரம் போட்டார். பின்கதவு திறக்காது என்பதை, 'பின் இருக்கைக்குக் கூடுதல் பாதுகாப்பு' என்று எழுதினார்.

மறுநாளே வெளிநாட்டிலிருந்து ஒரு ஈமெயில். கப்பல் இன்ஜினியராம். நடுக்கடலில் இருப்பதால் போனில் பேச முடியாதாம். காரைப் பார்க்கவே வேண்டாமாம், கேட்டதற்கு மேலேயே தருவாராம். காரை எடுத்துப்போக ஏஜென்ட் வருவார். அவர் கூலியையும் சேர்த்தே பணம் அனுப்பியாகிவிட்டது. அந்தக் கூலியை மட்டும் முதலில் ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டால், மொத்தமும் கணக்கில் விழுந்துவிடும். கூடவே வங்கி முத்திரையோடு ஒரு ரசீது.

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு எழுதியிருக்கான். இந்த வீட்ல என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டிருக்கீங்களா?"

"பணம் வந்துடுச்சா?"

"வந்த மாதிரிதான்."

"வந்த மாதிரின்னா?"

"நாம ஏஜென்ட்டுக்குக் கட்டினதும் வந்துடும்."

"காரும் நம்மது, காசும் நம்மதா? அப்ப அவர் எதுக்குங்க நடுவுல?"

"உனக்கு வெளிநாட்டு வியாபாரம் புரியாது."

"புரியாதுதான். ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க. கூலியை அவரே ஏஜென்ட்டுக்குக் கொடுத்துட்டு மிச்சத்தை நமக்கு அனுப்பட்டும். நம்ம பேங்க்ல நேர்ல விசாரிச்சு, பணம் வந்தாச்சுன்னு சொன்னப்புறம் சாவி கொடுப்போம்."

மனைவியின் அறியாமையை நிரூபிக்கவே அப்படி எழுதிக் கேட்டார். இன்ஜினியருக்குக் கோபம் வந்தது. அடுத்த மெயிலில் அழுகை வந்தது. அதற்கடுத்ததில் போலீஸ் வரும் என்று மிரட்டல் வந்தது. பணம் மட்டும் வரவில்லை. வங்கியில் ரசீதைக் காட்டினார். போலி என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை இவள் இருந்தாள் என்று மனசார நினைத்தார். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாத்தியார் நேரில் வந்து, ஓட்டிப் பார்த்து, சொன்ன விலைக்குச் சம்மதித்தார்.

"பேரமே பேசலியே, எதுக்கும் பாத்துக்கோங்க," என்றாள் மனைவி மெதுவாக. வாத்தியார் திருப்பி அனுப்பப்பட்டார்.

பேக்கரிக்காரர் வந்து விடாமல் பேரம் பேசினார்.

"இவ்வளவு விவரமான ஆளா இருக்காரே," என்றாள். பேக்கரிக்காரரும் போனார். மூன்றாவதாக வந்தவர் பக்கத்துத் தெருவில் இருப்பதாகச் சொன்னார். கடைக்காரர் அந்தத் தெருவுக்கே போய், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, நிஜமாகவே இருக்கிறாரா என்று பார்த்தார். கதவைத் திறந்தவர், பல வருஷமாக இவர் கடையிலேயே கண்ணாடி வாங்குகிறவர். இனி வாங்க மாட்டார்.

"பேசாம நானே வாங்கிக்கறேனே," என்றாள் மனைவி.

சிரித்தார். பிறகு யோசித்தார். உள்ளூர் ஆள். தெரிந்த முகம். கடலுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை.

"ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

"வேண்டாம்."

"பணம் ஏறினப்புறம்தான் சாவி."

"அதானே முறை."

முறை என்றால் முறை. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, "கியர் எவ்வளவு சுலபமா விழுது பாருங்க," என்று மரியாதையாகவே வியாபாரம் பேசினார். வங்கிக்குக் கூட்டிப்போனார். அவள் கவுன்ட்டரில் நின்று அனுப்பினாள். அவர் அடுத்த கவுன்ட்டரில் நின்று, தன் கணக்கில் பணம் ஏறிவிட்டதா என்று கேட்டு, ஏறிவிட்டது என்று சொன்ன அம்மாவை இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னார். அப்புறம்தான் வண்டியை அவள் பேருக்கு மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தார். வாயெல்லாம் பல்.

வங்கி வாசலில் அவள் காரைக் கிளப்பும்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஆமா, உனக்கு ஏது அவ்வளவு பணம்?"

"புது வண்டிக்குன்னு நம்ம ரெண்டு பேர் பேர்லயும் ஒரு கணக்கு இருக்கே, அதுலேருந்துதான்."

"அது பூரா நான் கட்டின பணமாச்சே."

"அதனாலதாங்க உங்களுக்குத் துணிஞ்சு கொடுத்தேன், போலியா இருக்காதுல்ல," என்றாள். "ஏறுங்க, கடையில இறக்கி விட்டுட்டுப் போறேன்."