வேண்டாம் அண்ணாச்சி விற்ற சட்டி

கோவில்பட்டி பஜாரில் பாத்திரக்கடைகளுக்கா பஞ்சம்? ஆனால் பாத்திரம் வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பது ஒரே ஒரு கடையில்தான். ஊரில் அவருக்கு வேண்டாம் அண்ணாச்சி என்று பெயர். நாம் எதைக் கையில் எடுத்தாலும் அவர் வாயில் முதலில் வருகிற வார்த்தை அதுதான்.

ஒருமுறை என் கண் முன்னாலேயே ஒரு பெண்வீட்டுக்காரர் பத்து லிட்டர் குக்கரை ஆசை ஆசையாகத் தூக்கினார்.

"வீட்டுல எத்தனை பேரு?" என்றார் அண்ணாச்சி.

"பொண்ணும் மாப்பிள்ளையும்தான்."

"ரெண்டு பேருக்கு இதுல பொங்குனா சோத்தை உள்ள இறங்கித்தான் தேடணும். வேண்டாம்."

"விருந்தாளுக வருவாகள்லா?"

"வரட்டும். அன்னைக்குப் பக்கத்து வீட்டுல இரவல் வாங்கச் சொல்லுங்க."

புதியம்புத்தூரில் தையல் யூனிட் வைத்திருக்கிற ஓர் அம்மா, தன்னிடம் தைக்கிற பெண்களுக்குத் தீபாவளிக்கு நான்ஸ்டிக் தவா கொடுக்கலாம் என்று வேன் பிடித்து வந்திருந்தார். "அவிய வீட்டுல என்ன கரண்டி வச்சிருக்காவ?" என்று கேட்டார் அண்ணாச்சி. எவர்சில்வர்தான் என்றார் அந்த அம்மா. "அப்பம் ஒரே மாசம். சுரண்டிச் சுரண்டி அந்தக் கருப்பையும் தோசையோட சேத்துத் தின்னுருவாவ. வேண்டாம்." வேன் காலியாகத் திரும்பிப் போனது. கல்லாவில் இருந்த முதலாளி ஒரு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்துத்தான் ஆத்திரத்தை அடக்கினார்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தம்பி வெளியூருக்கு வீடு மாறும்போது தன் ஓவனை எங்கள் இடைசெவல் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். சும்மா இருக்கிற பொருளைச் சும்மா விட எனக்குத் தெரியாது. செல்போன் வீடியோவில் ஒரு பெண், "அடுப்பில் வதக்கிவிட்டு, கேசரோலில் போட்டு ஓவனில் வைத்துவிடுங்கள்" என்று தேன் ஒழுகச் சொன்னாள். நம்ம ஊரில் கேசரோல் என்றால் எது? கல்யாணத்துக்கு ஏழெட்டு வந்து சேருமே, இட்லி ஆறாமல் மூடி வைக்கிற பிளாஸ்டிக் டப்பா, அதுதானே? குதிரைவாலி பிரியாணியை வாணலியில் வதக்கி, அந்த டப்பாவில் கொட்டி ஓவனுக்குள் வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் டயர் எரிகிற நாற்றம். ஓவனைத் திறந்தால், கேசரோல் குனிந்து, படுத்து, கம்பி வழியாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இதுல எது பிரியாணி?" என்றார். அந்த மனுஷன் அப்படிக் கேட்ட பிறகு விடுவேனா? ஓவனைச் சுரண்டிக் கழுவிவிட்டு மறுநாள் காலையிலேயே கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

நான் கடைப்படி ஏறும்போதே உள்ளே முதலாளியின் குரல் உச்சத்தில் இருந்தது.

"வே, சொல்லிட்டேன். இன்னைக்கு ஒரு ஆளை வெறுங்கையோட அனுப்புனீருன்னா, நாளையில இருந்து நீரு வீட்டுலயே இரும்."

அண்ணாச்சி தலை குனிந்து நின்றார். வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பெரியாத குடும்பம் அவருடையது. இந்த நேரம் பார்த்தா நான் வர வேண்டும்? திரும்பிப் போகவும் முடியவில்லை, முதலாளி என்னைப் பார்த்துவிட்டார். அடுப்பிலும் வைக்கணும், அப்படியே ஓவனிலும் வைக்கணும், அப்படி ஒரு பாத்திரம் வேண்டும் என்றேன்.

முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. புதுச் சரக்காக வந்திறங்கிய பீங்கான் சட்டி ஒன்றைத் தானே எடுத்து வந்து வைத்தார். மூடியில் ரோசாப்பூ, வயிற்றில் ரோசாப்பூ. அழகென்றால் அப்படி ஓர் அழகு. அண்ணாச்சி வேலை பிழைக்கட்டும் என்று நானும் பையைத் திறந்துவிட்டேன்.

அண்ணாச்சி சட்டியைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், சும்மா இருங்க அண்ணாச்சி என்று.

"தாயி, அது வேண்டாம்."

"வே! ஓவன் சூட்டையே தாங்குது, அடுப்புச் சூட்டைத் தாங்காதா?" என்று குதித்தார் முதலாளி.

"ஓவன்ல சூடு சுத்திச் சுத்தி எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலப் புடிக்கும் மொதலாளி. அடுப்புல அடியில மட்டுந்தான புடிக்கும்? பீங்கான் தாங்காது. வெடிச்சிரும்."

"வெடிக்குதான்னு இப்பமே பாப்போம்!"

கடை மூலையில், விற்கிற அடுப்பைப் பற்றவைத்துக் காட்டுவதற்கென்று கேஸ் வைத்திருந்தார்கள். முதலாளி சட்டியில் தண்ணீர் ஊற்றித் தூக்கி வைத்து, தீயையும் முழுசாகத் திருகினார். ஒரு நிமிஷம் ஆனது, ஒன்றும் ஆகவில்லை. முதலாளி மீசைக்குள் சிரித்தார். அண்ணாச்சி என்னைக் கூட்டிப்போய்க் குக்கர் அடுக்குக்குப் பின்னால் நிறுத்தினார்.

டப்!

சட்டி இரண்டாகப் பிளந்து, தண்ணீர் கொட்டி, அடுப்பும் அணைந்தது. கேஸை மூட ஓடினார் அண்ணாச்சி. முதலாளி நகரவில்லை. அவர் முகம் வெளுத்துப்போய், செல்போனைத் தேடி எடுத்துத் தன் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நேத்து ஒரு ரோசாப்பூச் சட்டி கொண்டாந்தேன்லா, அது எங்கன இருக்கு? ... அடுப்புலயா? மீன் குழம்பா? கேஸை அணைச்சிட்டு வெளிய வா! குழம்பு கெடக்கு, நீ வெளிய வாட்டி!"

அணைத்தாகிவிட்டது என்று பதில் வந்த பிறகுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அண்ணாச்சி பரணில் ஏறி, யாரும் சீந்தாமல் கிடந்த வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றை இறக்கினார். மூடியும் இரும்பு, மூடிக் குமிழும் இரும்பு, துணி சுற்றிப் பிடிக்கத் தோதாக ரெண்டு காது. உடனே கொடுத்துவிடுவாரா? என்னிடம் நம்பர் கேட்டு எங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, ஓவனின் உள் அகலத்தை என் வீட்டுக்காரரைச் சாணால் அளக்கச் சொன்னார். மூடியோடு வைத்தால் மேலே இடிக்குமா என்று உயரத்தையும் கேட்டார். பிறகு சட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி என் கையில் கொடுத்து, வாசல் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். பஜாரே வேடிக்கை பார்த்தது. நடந்தேன்.

"தூக்க முடியுது. சரி, கொண்டு போங்க. புளிக்குழம்பை மட்டும் இதுலயே போட்டு வச்சிராதீங்க."

சரி என்ற சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். முதலாளி எழுந்து வந்தார். "வே, அந்த ரோசாப்பூப் பொட்டியையெல்லாம் ஒதுக்கி வையும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குச் சீக்கிரம் வந்துரும். சரக்கு வருது. நீரு பாத்துட்டுத்தான் எறக்கணும்" என்றார்.

சட்டியை பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கி வந்தவரிடம் கேட்டேன். "ஏன் அண்ணாச்சி, ஒரு தடவை வாயை மூடிட்டு இருந்தா என்ன? வேலை போயிருந்தா என்ன செய்வீங்க?"

"ஒரு வாரம் தூக்கம் வந்திருக்காது தாயி."

"பொறவு?"

"நீங்க அதை வாங்கிட்டுப் போயிருந்தா என்னைக்குமே வந்திருக்காது."

பஸ் வந்துவிட்டது. மடியில் சட்டி கனக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சிரிப்பாக வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அந்த மனுஷன் நூறு வயது இருந்து, நான் ஆசைப்பட்டுக் கேட்கிறதையெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.