குதிரையின் மணிக்கட்டு

1927 மார்ச் 14, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வெந்நீரில் குளித்தேன். இரண்டு இட்லி. ஏழு மணிக்கு ஆம்பூர் தோல் கிடங்கில் என் மேஜைக்குப் போய்ப் பென்சில் சீவினேன். என் பழைய நாட்குறிப்பில் இதுவரை வியப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வரி எலும்பு மேஸ்திரியைப் பற்றியது.

வடாற்காடு ஜில்லாவிலேயே குதிரையை உள்ளிருந்து வெளியே பார்த்த ஒரே மனிதர் அவர்தான். ஒரு காலத்தில் பட்டாளத்துக் குதிரை டாக்டரிடம் பெட்டி தூக்கியவர். இப்போது கிடங்கின் பின்புறம் எலும்புகளைக் காயவைத்து உர ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். தெருவில் ஜட்காவைக் கண்டால் வண்டிக்காரரை விட்டுவிட்டு, குதிரையின் முன்னங்காலைப் பிடித்து நலம் விசாரிப்பார். அந்தக் காலின் நடு மூட்டை முழங்கால் என்று சொன்னவர் தொலைந்தார்.

"இன்னா முழங்காலு? மணிக்கட்டுய்யா அது. குதிரை நடுவிரல் நுனியில நிக்குது. நீ நின்னு பாரு."

ஒருமுறை காபி கிளப்பில் அவரே குனிந்து, இரண்டு நடுவிரல்களை மட்டும் தரையில் ஊன்றி நின்று காட்டினார். விரல் சுளுக்கி எட்டு நாள் கரண்டியால் சாப்பிட்டார். வேலூர் சர்க்கஸில் வரிக்குதிரை செத்தது என்று கேட்டதும் துக்கத்துக்குப் போகிறவர்போல லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கால் எலும்புகளைச் சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்தார். "வரியை உரிச்சிட்டா நம்ம குதிரைதான்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை ஜட்கா காதர் பாய் அழாத குறையாக வந்தார். அவருடைய கிழட்டுக் குதிரை முந்தின மாதம் வயிற்றுவலியில் செத்து, தோல் எங்களிடமும் எலும்புகள் மேஸ்திரியிடமும் வந்திருந்தன. முறிந்த காலோடு ஓட்டிக் கொன்றுவிட்டதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். பின்னாலேயே அதை விசாரிக்க ஜட்கா லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் தம் மட்டக்குதிரையில் வந்து இறங்கினார். குற்றம் உறுதியானால் லைசென்ஸ் போய்விடும். பாய்க்கு வேறு தொழில் தெரியாது.

இன்ஸ்பெக்டர் செத்த குதிரையின் முன்னங்கால் எலும்பை எடுத்தார். தடித்த எலும்பின் இரு பக்கமும் ஊசிபோல ஒவ்வொரு மெல்லிய எலும்பு ஒட்டியிருந்தது.

"பாருய்யா, சிம்பு சிம்பா பிளந்திருக்கு. இதோட ஓட்டியிருக்கியே."

"அல்லா சத்தியமா இல்ல சார்."

மேஸ்திரி குறுக்கே வந்தார். "பிளக்கல சார். ஆதியில குதிரைக்கு இருந்த மத்த விரலு அது. தேஞ்சி இவ்ளோதான் மிச்சம்."

"நீ பாத்தியா?"

மேஸ்திரி சாக்கை அவிழ்த்தார். "இது கழுதை. இது வரிக்குதிரை. ரெண்டுக்கும் அதே ஊசி இருக்குது. எல்லாமே கால் முறிஞ்சா செத்துது?"

"கழுதைக் கதையெல்லாம் எனக்கு வேணாம்."

"அப்போ உங்க குதிரையையே கேப்போம். மணிக்கட்டுக்குக் கீழ, பின்னால ஓரமா தடவிக்கினே வாங்க. சின்னதா ஒரு மொட்டு தட்டுப்படும். அந்த ஊசியோட நுனிதான் அது."

இன்ஸ்பெக்டர் தடவினார். மறுகாலையும் தடவினார்.

"அப்போ நீங்க ஏறி வந்ததும் முறிஞ்ச கால்லதான் சார்" என்றார் மேஸ்திரி, மிகுந்த மரியாதையுடன்.

இன்ஸ்பெக்டர் குற்றமில்லை என்று எழுதினார். பிறகு ஏனோ குதிரையில் ஏறாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாதாகோயில் வரை நடந்தே போனார்.

நன்றி சொல்ல வந்த பாயின் பக்கம் மேஸ்திரி திரும்பவேயில்லை. கிழட்டுக் குதிரையின் எலும்பைத் துடைத்து, ஆலைக்குப் போகும் குவியலில் போடாமல் தம் சாக்கில் வைத்தார். "நல்ல காலு பாய். இத்தனை வருஷம் உனக்காக விரல் நுனியிலயே நின்னுச்சி."

செவ்வாய்க்கிழமை காலை, பென்சில் சீவுவதற்கும் முன்னால், ரயில் ஸ்டேஷன் வாசலுக்குப் போனேன். தம் மச்சானிடம் இரவல் வாங்கிய குதிரையோடு பாய் நின்றிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை பேசுமுன் குனிந்து, குதிரையின் மணிக்கட்டைப் பிடித்து நலம் விசாரித்தேன்.