ஆத்து டைம்

எனக்கு வழி தெரியாது. ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அதில் எவனாவது பள்ளம் தோண்டிவிட்டால் நின்று யாரையாவது விசாரித்துத்தான் வீடு சேருவேன். என் கல்யாணத்தன்று சர்ச்சுக்கே இருபது நிமிடம் தாமதமாகப் போனவன் நான். (சர்ச்சு குடியாத்தத்தில் இருந்தது. குடியாத்தத்தில் இத்தனை சர்ச்சுகள் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.) இதையெல்லாம் வெளியே ஒப்புக்கொள்ள முப்பத்தொரு வயது ஆனது. அதற்கும் ஒரு கார், ஒரு சாவு, ஒரு ஆறு மூன்றும் ஒரே நாளில் வரவேண்டியிருந்தது.

இரண்டாயிரங்களின் கடைசியில் நான் ஒரு ஷூ கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் இருந்தேன். பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கும் சைஸும் உள்ளே இருக்கும் சைஸும் ஒன்றா என்று பார்க்கிற வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் தட்டிப் பார்ப்பது உபரி வேலை. தட்டினால் சில சமயம் சரியாகிவிடும். அதை வைத்தே ‘கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு’ என்ற பெயரோடு ஆறு வருடம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெயர்தான் வினையாயிற்று. எங்கள் முதலாளி பெரிய பாய் ஒரு பெரிய கார் வாங்கினார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு திரையைப் பதித்து அனுப்பியிருந்தார்கள். அதில் மேப் ஓடும். உள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் வழி சொல்லும். “ஜெயசீலா, இத இன்னான்னு பாரு” என்று பாய் காரோடு வந்த புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இரண்டு நாள் படித்தேன். மூன்றாம் நாள் மிஷினைப் போட்டுக் காட்டினேன். எங்கள் கம்பெனியை அது ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனில், இரண்டு பிளாட்பாரத்துக்கும் நடுவில், தண்டவாளத்தின் மேல் காட்டியது.

“சாட்டிலைட் ரொம்ப ஒசரத்துலேர்ந்து பாக்குது பாய், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்” என்றேன். நல்ல மனிதர், நம்பிவிட்டார். கார் டிரைவர் தஸ்தகீர் மட்டும் நம்பவில்லை. என் வயதுதான் அவனுக்கும். “அவ்ளோ ஒசரத்துலேர்ந்து பாக்கறவனுக்கு ரயிலு கூடவா சார் தெரியல?” என்று கேட்டான். நான் புத்தகத்தைப் புரட்டினேன். தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒரு படிப்புதான்.

இப்போது சாவுக்கு வருகிறேன். என் மனைவி மெர்சியின் அம்மா, ரூத் அத்தை, ரிட்டயர்டு நர்ஸ். எங்களோடுதான் இருந்தார். அவருக்கு ஒரே தங்கை, சரோஜா சித்தி. பாலாற்றுக்கு அக்கரையில், பள்ளிகொண்டாவுக்கு எதிரே ஒரு கிராமத்தில் இருந்தார். அக்காவும் தங்கையும் பேசி ஏழு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஒரு போட்டோ. சித்தியின் மகள் ஹெப்சி கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது அத்தையை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள். ‘கூப்பிடாத இடத்தில் எனக்கென்ன வேலை’ என்று பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தவர், அதன்பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கை வந்து கூப்பிடட்டும் என்று இவரும், அக்காவே வரட்டும் என்று அவரும் இருந்துவிட்டார்கள்.

சித்தி போய்விட்டார், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள் என்று காலையில் ஒரு சொந்தக்காரர் போன் பண்ணினார். ஹெப்சி பண்ணவில்லை. அத்தை அழவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சேலை வாங்கி வந்தார். கருநீலத்தில் மெல்லிய ஜரிகை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்திவிட்டுத்தான் பெட்டியை மூடுவார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பங்களும் இதை விட்டதில்லை. அம்மா, அப்பா, அண்ணன் எல்லாரும் போய், சித்தியின் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அத்தை ஒருவர்தான்.

“நான் போவலன்னா, பொறந்த வூடே இல்லாதவளா போய்டுவா மாப்ள” என்றார்.

விஷயம் தெரிந்ததும் பெரிய பாய், “பஸ்ல அலையாத, கார எடுத்துக்கினு போ. தஸ்தகீர் வருவான்” என்றார். இதைவிடப் பெரிய உதவி யார் செய்வார்கள்? பேசாமல் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கலாம். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். பின்னால் அத்தை மடியில் சேலைப் பையோடும், மெர்சி பூமாலையோடும். “பள்ளிகொண்டா போயி லெஃப்டு. குடியாத்தம் ரோட்ல பாலம் தாண்டினா ஊரு” என்றான் தஸ்தகீர். மூன்றே வாக்கியம். குழந்தைக்கும் புரியும். நான் மிஷினை ஆன் பண்ணி ஊர் பெயரை அடித்தேன். சர்ச்சுக்குத் தாமதமாக வந்த மாப்பிள்ளை என்ற பெயரை அத்தை முன்னால் அன்றைக்குத் துடைத்துவிடலாம் என்று ஒரு ஆசை. சாவுக்குப் போகிற வண்டியில் வரக்கூடாத ஆசை அது, தெரியும்.

அப்போதுதான் ஹைவேயை நாலு வழியாக்கி முடித்திருந்தார்கள். மிஷினுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. திரையில் எங்கள் கார் வயலுக்குள் போயிற்று. பிறகு ஒரு ஏரிக்குள் இறங்கி, நடு ஏரியில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நீந்தியது. உள்ளே இருந்த அம்மாள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா இன்னா சொல்லுது மாப்ள?”

“திரும்பிப் போகச் சொல்லுது அத்த.”

“சாவுக்குக் கெளம்பினவங்க பாதில திரும்பக் கூடாதுன்னு சொல்லுங்க அதுக்கிட்ட.”

தஸ்தகீர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

பள்ளிகொண்டா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மிஷினுக்குத் திடீரென்று தெளிவு வந்தது. இடதுபுறம் திரும்பச் சொன்னது. திரையில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல், பாலாற்றைக் குறுக்கே வெட்டி நேராகச் சித்தி ஊருக்குப் போயிற்று. மூன்று கிலோமீட்டர்தான். பாலத்தைச் சுற்றினால் பன்னிரண்டு. “பாத்தீங்களா அத்த, குறுக்கு வழி காட்டுது” என்றேன். நான் சொன்னால் தஸ்தகீர் திருப்பித்தானே ஆகவேண்டும்? திருப்பினான். ஒரு தென்னந்தோப்பைத் தாண்டியதும் ரோடு மண்பாதையானது, மண்பாதை கரையில் போய் முடிந்தது. எதிரே ஆறு.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் இங்கே பிரேக் போட்டிருப்பான். ஆற்றைப் பார்த்தால் நிற்கவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாலாற்றுக்காரனுக்குத் தெரியாது. நாங்கள் கிரிக்கெட் ஆடியது அந்த ஆற்றில். மாட்டுவண்டி போவது, லாரி போவது, சைக்கிள் கற்றுக்கொள்வது, மாட்டுச் சந்தைக்கு ஆட்கள் நடப்பது எல்லாம் அதில்தான். என்றைக்காவது வெள்ளம் வந்தால் குடும்பத்தோடு போய் அதிசயமாகப் பார்த்துவிட்டு வருவோம். மற்றபடி ஆறு என்றால் எங்களுக்கு ஒரு அகலமான ரோடு. அதுவரை மிஷின் சொன்ன எதையும் நம்பாத தஸ்தகீரே அங்கே சந்தேகப்படவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்து, “லாரி போன தடம் இருக்குது சார், போலாம்” என்றான். பின்சீட்டிலிருந்தும் ஒரு எதிர்ப்பும் இல்லை. நாலு பேரும் பாலாற்றுக்காரர்கள்.

லாரி போன தடம் இருந்தது உண்மை. மணல் அள்ளின லாரி. அள்ளிய பள்ளம் மேலே மூடிக்கொண்டு, அடியில் ஈரம் கோத்துக்கொண்டிருந்தது. பாதி ஆற்றில் கார் ஒருமுறை மூச்சுவிட்டதுபோல் இறங்கியது. தஸ்தகீர் மிதித்தான். இன்னும் இறங்கியது. நான் இறங்கித் தள்ளினேன். கார் வயிறு மணலில் படிய உட்கார்ந்துவிட்டது. தோல் பதனிடுகிற ஷாப்புகள் ஆற்றில் விடும் கறுப்புத் தண்ணீரின் வாடை குப்பென்று வந்தது.

“இதுக்கு மேல மிதிச்சா ஜாஸ்தி பேஜாராயிடும் சார்” என்றான். மணி இரண்டு இருபது.

திரையைப் பார்த்தேன். அதுவரை தண்டவாளத்திலும் ஏரியிலும் கிடந்த எங்கள் கார், முதல்முறையாக, சாலையின் நட்டநடுவில் இம்மி பிசகாமல் நின்றுகொண்டிருந்தது.

அத்தை கதவைத் திறந்து இறங்கினார். “இன்னும் எத்தினி தூரம்?”

“எண்ணூறு மீட்டர்னு சொல்லுது அத்த.”

“அது சொல்றத உடுங்க. நீங்க பாத்து சொல்லுங்க.”

நான் அக்கரையைப் பார்த்தேன். அத்தை என் பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலைப் பையைத் தலைமேல் வைத்து நடக்க ஆரம்பித்தார். அறுபத்தாறு வயது, மாடிப்படி ஏற முடியாத முட்டி. உச்சி வெயில் மணல் அப்பளம் பொரிக்கிற சூட்டில் இருந்தது. மெர்சி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள், உதறிவிட்டார். நான் மாலையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஈரமான இடத்தில் கால் முட்டிவரை உள்ளே போயிற்று. இந்த ஆறு என்னை முழுசாக விழுங்கிவிடாதா என்று நினைத்தேன். கொஞ்சம் முயன்றிருந்தால் விழுங்கியிருக்கும்.

அத்தை நடந்துகொண்டே பேசினார், எங்களிடம் இல்லை. “வேணும்னேதான் வர்லன்னு சொல்லுவாங்க. சாவுக்குக் கூட வர்லன்னு சொல்லுவாங்க. ஹெப்சி அப்படித்தான் நெனப்பா.”

முக்கால்வாசி தாண்டியிருப்போம். அக்கரையிலிருந்து சர்ச்சு மணி அடித்தது. ஒன்று அடித்து, நிறுத்தி, பிறகு இன்னொன்று. பெட்டியை மூடித் தூக்கிவிட்டால்தான் அப்படி அடிப்பார்கள். எங்களுக்குச் சொன்னது மூன்று மணி. பாஸ்டருக்கு வேறு ஊரில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால் சீக்கிரமாக எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அத்தை நின்றார். தலையிலிருந்த பையை இறக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார். “மன்னிச்சிடுங்க அத்த” என்றேன். என் காதுக்கே அது கேட்கவில்லை. அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

கல்லறைத் தோட்டத்துக்கு நாங்கள் போனபோது ஜெபம் முடிந்து, மண் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். ஹெப்சி எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட்டம் வழிவிட்டது. அத்தை குழி ஓரத்தில் போய் நின்றார். வெள்ளைச் சேலை முட்டிவரை கறுப்பு, பாதமெல்லாம் மணல், காலில் செருப்பு இல்லை. ஹெப்சி மெல்லத் திரும்பினாள். அத்தையின் காலைப் பார்த்தாள். பிறகு என் காலை.

“எங்கேர்ந்து பெரிம்மா வர்றீங்க?”

“ஆத்துலேர்ந்து.”

“பாலம் இருக்குதே பெரிம்மா?”

“உங்க மாமாகிட்ட சொல்லு” என்றார் அத்தை, என்னைக் காட்டி.

ஹெப்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் குழிப்பக்கத்தில் நின்று சிரிக்கிறோமே என்று பயந்து வாயைப் பொத்தினாள். அது அழுகையாக மாறியது. பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ, “சேலய குழில போட்டுடுங்கம்மா” என்றார்கள். “போடறதுக்கு வாங்கல. போத்தறதுக்கு வாங்கினேன்” என்று அத்தை அதைப் பிரித்து ஹெப்சியின் தோளில் போர்த்தினார். ஏழு வருடக் கோபம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் தங்கையின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அதை யாராலும் திருப்பித் தர முடியாது, நான் உட்பட.

காரை ஒரு டிராக்டர் வந்து இழுத்தது. பெரிய பாய் காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மொகம் பாத்தாங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் பார்த்தால், தஸ்தகீர் கட்டிங் செக்‌ஷனிலிருந்து ஒரு துண்டு லைனிங் தோல் வாங்கி, அளவாக வெட்டி, சொல்யூஷன் போட்டுத் திரையின்மேல் ஒட்டியிருந்தான். அந்தக் கார் விற்கும்வரை அது அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சாவு வீட்டில் பெட்டி மூடும் நேரம் நாலு என்று சொன்னால், நாலரை வரைக்கும் மூட மாட்டார்கள். எவனாவது ஆற்றில் மாட்டியிருப்பான் என்று அந்த அரைமணி. பெயர் ‘ஆத்து டைம்’. கல்யாணப் பந்தி, பிறந்தநாள் கேக் எல்லாவற்றுக்கும் இப்போது அந்தப் பெயர்தான். அத்தையே அதை அதிகம் சொல்வார். நான் எங்கே கிளம்பினாலும், “பாலம் வழியாவே போங்க மாப்ள” என்பார், பக்கத்துக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும்.

போன வருடம் அத்தையும் போய்விட்டார். நாலு மணிக்கு மூடுவதாக இருந்தது. வாலாஜாபேட்டையில் டீச்சராக இருக்கும் ஹெப்சி இன்னும் வந்து சேரவில்லை. ஊருக்குப் புதிய பாஸ்டர், வாட்சைப் பார்த்தார். “ஆத்து டைம் இருக்குதுங்கய்யா” என்றாள் மெர்சி, அழுதுகொண்டே. “அப்டின்னா?” என்று அவர் கேட்க, மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. அத்தையின் தலைமாட்டில் நின்று நானே அந்தக் கதையைச் சொல்லவேண்டியதாயிற்று. மணி அடித்த இடம் வந்தபோது திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அப்போது ஹெப்சி வந்தாள். கையில் அந்தக் கருநீலச் சேலை. “பெரிம்மாவுக்குப் பொறந்த வூடுன்னு இப்ப நான்தான் மாமா” என்று பிரித்துப் போர்த்தினாள். முகத்தை நீவிவிட்டு, நெற்றியில் முத்தம் வைத்து, வெகுநேரம் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பெட்டியை மூடும்போது மணி நாலு இருபத்தைந்து. ஆத்து டைமில் இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது.