லிப்ட் மெக்கானிக் படியேறினால்

பேரன்புக்குரிய மைத்துனர், உடற்பயிற்சிக்கூட ஆசிரியர் அவர்களுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதுவது.

இங்கே என் முழங்கால்களும் கம்பெனி மேனேஜரும் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே நீயும் உன் புஜங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் நீ மறுபடியும் யோசனை சொல்வாய். அதனால்தான் கடிதம்.

கம்பெனி டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்பது உனக்கு நினைவிருக்கும். அடுத்த பரிசோதனையிலும் இப்படி மூச்சு வாங்கினால் என்னை லிப்ட் பக்கமே விடமாட்டார்களாம், புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்களாம். மனிதர்களோடு பேச வராது என்றுதானப்பா நான் லிப்ட் மெக்கானிக் ஆனேன்! சரி, உடம்பைக் குறைப்போம் என்று நாங்கள் குடியிருக்கிற இந்த எட்டு மாடிக் கட்டடத்தின் படிகளையே ஏறி இறங்க ஆரம்பித்தேன். புது ஷூ, புது டவல், தண்ணீர்ப் பாட்டில் என்று ஆரம்பத்தில் ஒரே அமர்க்களம். அப்புறம் அந்த ஆசை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. பாட்டிலை உன் அக்கா எண்ணெய் ஊற்றி வைக்க எடுத்துக்கொண்டாள். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். உனக்குப் போன் போட்டேன்.

நீ என்ன சொன்னாய்? "அத்தான், ஆசை வரும்னு காத்திருக்காதீங்க, அது வராது. ஒழுக்கம்தான் வேணும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல செய்யாதீங்க, நாலு பேர் பார்க்கிற மாதிரி செய்யுங்க. வெட்கத்துக்காவது விடமாட்டீங்க." உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும் என்று நினைத்து, எல்லோரும் ஆபீசுக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரத்துக்கு என் படியேற்றத்தை மாற்றினேன். முதல் நாளே ஆறாவது மாடி டீச்சரம்மா, "என்ன சார், காலங்காத்தால?" என்று கேட்டார். "ஒழுக்கமா இருக்கப் பழகிட்டிருக்கேன் டீச்சர்" என்றேன். அந்த அம்மா ஒரு படி பின்னால் போய், "அப்ப இவ்வளவு நாளா?" என்றார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்கிறார்.

அதுகூடப் பரவாயில்லை. ஐந்தாவது மாடியில் ரிட்டயரான பேங்க் அதிகாரி ஒருவர் இருக்கிறார், பாவம், மரியாதை தெரிந்த மனிதர். லிப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றார். "வேண்டாம் சார், நான் படியிலேயே போறேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், லிப்ட்டின் கூரையைப் பார்த்தார், காலை மெதுவாக வெளியே எடுத்து வைத்தார். அவ்வளவுதான். லிப்ட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளே லிப்ட்டில் ஏறமாட்டேன் என்கிறான் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் மொட்டைமாடி வரை போய்விட்டது. மறுநாள் கட்டடம் முழுக்கப் படியில் நிற்கிறது! மூன்றாவது மாடி வக்கீலம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தி, "மறைக்காம சொல்லுங்க, கயிறா, மோட்டாரா?" என்றார். "கயிறும் இல்ல, மோட்டாரும் இல்ல மேடம். உடம்பு" என்றேன். "யாரோட உடம்பு?" என்று அவர் போட்ட கூச்சலில் மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. லிப்ட் குழிக்குள் யாரோ கிடப்பதாக இப்போது ஒரு பேச்சு நடமாடுகிறது.

மேனேஜர் கூப்பிட்டு, "உன் மூஞ்சியைப் பார்த்துத்தான்யா ஜனங்க பயப்படுறாங்க. லிப்ட்டுலயே போ, வா. சிரிச்சுக்கிட்டே போ" என்று உத்தரவு போட்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு மேலும் கீழுமாகப் போய் வந்தேன். ஏதோ ஆபத்தான சோதனை நடக்கிறது என்று மிச்சமிருந்த இரண்டு மூன்று பேரும் படிக்குப் போய்விட்டார்கள். இப்போது குடியிருப்போர் சங்கம், இந்தக் கம்பெனியே வேண்டாம், வேறு கம்பெனி பார்க்கிறோம் என்கிறது. அப்படி ஆனால் வேலையும் போகும், வேலைக்காகக் கொடுத்த தரைத்தள வீடும் போகும். உன் அக்காவிடம் இதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதப்பா.

ஆகவே இதனால் உனக்குத் தெரிவிப்பது: இனி நான் படியை மிதிக்கப் போவதில்லை. மூச்சு வாங்கினால் வாங்கட்டும். இனி உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாயானால் நீ எனக்கு மச்சானும் இல்லை, நான் உனக்கு அத்தானும் இல்லை. மற்றபடி நீயும் உன் மனைவியும் பதினாறு பேறும் பெற்று, அதில் பாதியையாவது வாய் திறக்காமல் அனுபவிக்க என் ஆசிகள். உன் அக்கா விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன்னால் கெட்ட
அத்தான்

பின்குறிப்பு: நேற்று ராத்திரி மேலே எழுதியதெல்லாம் ரத்து. இன்று காலை வாசலில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தது நினைவிருக்கிறது. அப்புறம் பார்த்தால் கையில் பாலோடு எட்டாவது மாடியில் நிற்கிறேன். ஆசையும் இல்லை, ஒழுக்கமும் இல்லை, கால் அதுபாட்டுக்கு ஏறிவிட்டது. மேலே சட்டை இல்லை, வெறும் பனியன். அதைவிட அதிசயம், மூச்சும் வாங்கவில்லை. மொட்டைமாடியில் நடந்துவிட்டு இறங்க வந்த பேங்க் அதிகாரி என் பனியனைப் பார்த்துத் திகைத்து நிற்கும்போதே லிப்ட் கதவு திறந்தது. கையில் என் சட்டையோடு உன் அக்கா வந்தாள்.

"பயமா இல்லையாம்மா?" என்றார் அவர்.

"எங்க வீட்டுக்காரர் பார்க்கிற லிப்ட்டு சார். எனக்கென்ன பயம்?" என்றாள்.

அதிகாரி கூரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு லிப்ட்டுக்குள் போய் நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நானும் ஏறப் போனேன். உன் அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"பாலைக் குடுங்க. நீங்க படியில வாங்க."