இருக்கிற வெளிச்சம் போதும்

முதல் படத்தில் அண்ணன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு மூட்டைதான் தெரிந்தது.

"அண்ணே, அசையாம இருங்க. இன்னொண்ணு எடுத்துடறேன்" என்றார் சின்னவர்.

வீட்டுக்கு இளையவர் என்பதால் ஐம்பது தாண்டியும் அவர் சின்னவர்தான். வேலை தபால் ஆபீஸில். போன மாதம் கேமரா வாங்கியதிலிருந்து புகைப்பட நிபுணரும்கூட. ரொம்ப நாளைக்கப்புறம் அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தார்கள். சாயங்கால ரயிலுக்கே திரும்பவேண்டுமாம். வெளியே மழை இருட்டு. ஹாலில் அழுதுவடிகிற ஒற்றை பல்பு.

"ஏங்க, ட்யூப் லைட்டைப் போடட்டுமா?" என்றாள் மனைவி.

"கெடுத்துடாதே. இருக்கிற வெளிச்சம் போதும். அதுல எடுக்கறதுதான் வித்தை."

ஷட்டரை மெதுவாக்கினார். படத்தில் வெளிச்சம் வந்தது. அண்ணன் தலையைத் திருப்பியதும் சேர்ந்தே பதிந்து, அவருக்கு மூன்று மூக்கு முளைத்திருந்தது.

"போதும்டா. அதைக் கீழே வச்சுட்டு இப்படிப் பக்கத்துல வந்து உட்காரு" என்றார் அண்ணன்.

"ஒரே நிமிஷம் அண்ணே" என்று சின்னவர் கேமராவுக்குப் பின்னாலிருந்தே சொன்னார்.

அடுத்து, இருட்டையும் வெளிச்சமாகக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வைக் கன்னாபின்னாவென்று ஏற்றினார். மூக்கு ஒன்றாகிவிட்டது. ஆனால் முகமெங்கும் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளிகள்.

"உங்க அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கா?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, லென்ஸின் கண்ணான அப்பர்ச்சரை முழுசாகத் திறந்தார். அண்ணனின் காது மட்டும் அட்சரசுத்தமாக விழுந்தது. பக்கத்தில் அண்ணி புகையாகக் கரைந்திருந்தார்.

"இதுல நான் எங்க தம்பி?"

"நீங்க பின்னணி, அண்ணி."

வேறு வழியில்லாமல் ஃப்ளாஷ். பளீரென்றதும் அண்ணன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"அது மட்டும் வேண்டாம் தம்பி!" அண்ணி இவ்வளவு சத்தமாகப் பேசி சின்னவர் கேட்டதே இல்லை.

கடைசியில் ட்யூப் லைட்டையே போட்டார். அதன் துடிப்பும் படத்தில் பதிந்து, அண்ணன் முகத்தில் வரிக்குதிரை மாதிரி பட்டை பட்டையாகக் கோடு. லைட்டை அணைத்தார். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினார். இனி யாரும் அசையாமல் இருந்தால் போதும்.

"மூச்சுகூட விடாதீங்க."

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"வாய் அசையுது அண்ணே!"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். சின்னவர் பட்டனை அழுத்தினார். வாசலில் வாடகைக் காரின் ஹாரன் கேட்டது. இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். படத்தில் காலி சோபா, அதன் மேல் இரண்டு ஆவிகள்.

அண்ணன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, காரில் ஏறினார். அப்போதுதான் சின்னவருக்குச் சுருக்கென்றது. மத்தியானம் முழுக்க எதிரே இருந்த மனிதரிடம் 'எப்படியிருக்கீங்க' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனைவி போட்ட டீ ஆறி, ஆடை கட்டிக் கிடந்தது. ஒரு படமாவது உருப்பட்டிருந்தால் அதைச் சொல்லியாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

அண்ணி காரைச் சுற்றி மறுபக்கம் வந்தபோது சின்னவர் குடையைப் பிடித்தபடி கூடவே போனார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. வீணா உங்களைப் போட்டுப் படுத்திட்டேன். அடுத்த தடவை ஜன்னலோரமா உட்காரவச்சு ஜோரா எடுத்துடறேன். படத்தைப் பார்த்து அண்ணன் அசந்துபோவாரு, பாருங்க."

அண்ணி கார்க் கதவில் கைவைத்தபடி, உள்ளே கேட்காத குரலில் சொன்னார்:

"அவருக்குப் பார்வை போயிட்டே இருக்கு தம்பி. மிச்சமும் போறதுக்குள்ள உங்க முகத்தை ஒரு தடவை கண் நிறையப் பார்த்துடணும்னுதான் இன்னைக்கு வந்தாரு."